வலது பக்கத்துப் பத்தி

சிதம்பரம்
14.7.2008

அன்புள்ள பிரிசில்லா,

உன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உறையைப் பிரித்ததும் பென்சில் கோடுகளைப் பார்த்து மிரண்டுவிடாதே. எழுத்துக்கூடத்தில் சிவப்பு மையைத் தொடக்கூடாது என்று ஞானசேகரன் சார் நான் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார். மாணவருக்காக ஒரு வாக்கியம்கூட நாம் எழுதித் தரக்கூடாது. கேள்வி கேட்கலாம். "இந்த இடம் எனக்குப் புரியவில்லை" என்று ஓரத்தில் குறிக்கலாம். எழுதுவது அவரவர் பாடு.

கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. கல்லூரி நூலகத்துக்குப் பின்னால், சைக்கிள் கொட்டகையை ஒட்டி இரண்டு அறை. சாரும் நானும்தான். சார் இயக்குநர், நான் தற்காலிக உதவியாளர். வருகிறவர்களில் பாதிப் பேர், "மேடம், ஸ்பெல்லிங் பார்த்துக் குடுப்பீங்களாமே" என்றுதான் வருகிறார்கள். ஆய்வேடு எழுதுவது எப்படி என்று யாரும் இதுவரை அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. நம் எம்.ஃபில். நாட்களில் நமக்கு மட்டும் யார் சொன்னார்கள்? மரத்தடியில் உன் சோற்றை நானும் என் தயிர்சாதத்தை நீயும் தின்றுகொண்டு நாமாகத்தானே அடித்துத் திருத்தினோம்.

உன் இயலுக்கு வருகிறேன். முந்திரித் தொழிலின் கூலி விவரம், வேலை நேரம் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் நடுவில் ஒரு பத்தியில், "என் அம்மாவின் கை கறுப்பு. அதே கையால் சாப்பிடுகிறாள்" என்று எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, "தொழிலாளர்கள் தோல் பாதிப்புக்கு உள்ளாகின்றனர்" என்கிறாய். ஒரே பத்தியில் இரண்டு பேர் பேசுகிறார்கள், பிரிசி. மகளா, ஆய்வாளரா? இரண்டு பேரும் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் யார் எப்போது பேசுகிறார்கள் என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஆங்கிலப் பிழைகளை இப்போது விடு. அது கடைசி வேலை.

போனில் சொல்லியிருக்கலாம். நான் எப்போது கூப்பிட்டாலும் நீ வகுப்பில் இருக்கிறாய், இல்லையென்றால் பஸ்ஸில் இருக்கிறாய். பகுதிநேர ஆய்வாளர்களுக்குக் குறிப்பைத் தபாலில் அனுப்புவதுதான் கூடத்து வழக்கமும்கூட. இனி இப்படியே எழுதிக்கொள்வோமே.

கார்த்தி

*

செம்மங்குப்பம், கடலூர்
24.8.2008

அன்புள்ள கார்த்தி,

உன் கேள்வி ஒரு வாரம் என்னைத் தூங்க விடவில்லை. மகளா, ஆய்வாளரா என்று கேட்டுவிட்டாய். எனக்கே தெரியவில்லை.

நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் லீவு சொல்லிவிட்டு, குள்ளஞ்சாவடி பக்கம் அம்மா வேலை செய்யும் முந்திரிக் கொட்டகைக்குப் போனேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு இங்க வந்து குந்திகினு இருக்க? இதுக்கா படிக்க வெச்சேன்?" என்று மற்ற பெண்கள் முன்னாலேயே திட்டியது. நான் எழுந்து போகவில்லை. கையைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு அவர்கள் உடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் சாம்பலையும் மீறித் தோலில் ஏறிவிடும்.

மத்தியானம் பக்கத்தில் இருந்த அக்காவின் சின்னப் பெண் பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தது. தலை கலைந்து கிடந்தது. அந்த அக்கா கையைத் தூக்கிவிட்டு, அப்படியே கீழே போட்டுக்கொண்டார். வேலை செய்யாத ஒரு சித்தியிடம் போகச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. என் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டதே இல்லை. முகம் துடைத்துவிட்டதில்லை. அந்த எண்ணெய் பட்டால் குழந்தைத் தோல் வெந்துபோகும். சின்ன வயதில் என்மேல் பாசம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அதை எழுதினேன். முதலில் தமிழில், பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில். பிள்ளைகளைத் தொடாமல் இருந்ததும் அந்தப் பெண்கள் இந்தத் தொழிலுக்குக் கொடுத்த விலைதான், எந்தக் கூலிக் கணக்கிலும் அது இல்லை என்று முடித்திருக்கிறேன். மகளாக நான் பேசும் இடத்தையும், ஆய்வாளராகப் பேசும் இடத்தையும் நீ கேட்டபடி பிரித்துவிட்டேன். எத்தனை தடவை அடித்து எழுதினேன் என்று கேட்காதே.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமும் காட்டாதே. ஞானசேகரன் சாரிடம்கூட. ஆய்வேட்டில் வரும்போது எல்லாரும் படிக்கட்டும். அதற்கு முன்னால் வேண்டாம். அம்மா எனக்குத் தலை வாரியதில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை.

என் நெறியாளர் மணவாளன் சார் பழைய வரைவைப் பார்த்துவிட்டு, "இந்த இங்கிலீஷுக்கு நீ தமிழ்லயே அழலாம்மா" என்றார். இந்த வரைவைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

பிரிசில்லா

*

சிதம்பரம்
2.9.2008

அன்புள்ள பிரிசி,

படித்தேன். உடனே எழுத முடியவில்லை. ஒரு கோடுகூடப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். எங்கள் கூடத்தில் இப்படி ஒரு தாள் திரும்பிப் போவது இதுதான் முதல் தடவை. இரண்டு இடத்தில் கால்புள்ளி மட்டும் பார்த்துக்கொள்.

கோபித்துக்கொள்ளாதே, என் அம்மாவிடம் மட்டும் தமிழில் சொல்லிக் காட்டினேன். சிவகாமியம்மாள் எதையும் கேட்டு அழுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். குக்கரை இறக்கிவிட்டு, "அந்தப் பொண்ண ஒரு நாள் ஆத்துக்கு அழைச்சுண்டு வாடி" என்றாள். அம்மாவோடு சரி. வேறு யாரிடமும் போகாது. கூடத்துக்குள் வருகிற தாள் வெளியே போகக்கூடாது என்பது விதி. உனக்கு நான் தருவது விதி இல்லை, வாக்கு.

இங்கே நிலைமை சரியில்லை. ஜனவரியில் டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது. கூடத்தால் என்ன பயன், தொடரலாமா, மூடலாமா என்று அவர்கள்தான் சொல்வார்கள். மூடினால் என் வேலையும் போகும். "கால்புள்ளி சரிபார்த்தோம்னு சொன்னா மதிப்பாங்களா, கார்த்யாயினி? கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது காட்டணுமே" என்று சார் தினமும் புலம்புகிறார்.

உன் இயல் வந்த நேரம் மட்டும்தான் இந்த மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

கார்த்தி

*

கடலூர்
16.3.2009

கார்த்யாயினி,

நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். நான் எடுக்கப்போவதில்லை. எடுத்தால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை துறைக் கருத்தரங்குக்கு சிதம்பரம் வந்திருந்தேன். உன்னைப் பார்க்க மாலையில் கூடத்துக்கு வருவதாக இருந்தேன். மதியம் மணவாளன் சார் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார். எழுத்துக்கூடம் வெளியிட்ட கையேடு. "ஆய்வாளர்கள் எப்படி எழுதக்கூடாது, எப்படி எழுதணும்னு நம்ம காலேஜ்லயே அழகா போட்டிருக்காங்க" என்று சொல்லி ஒரு பக்கத்தைப் பிரித்தார். இடது பக்கம் முன், வலது பக்கம் பின்.

அது என் பழைய வரைவு என்று நினைவே இல்லாதவர் போல இடது பக்கத்தை வாசித்தார். என் அம்மாவின் கை. என் இலக்கணப் பிழைகள் ஒன்றுவிடாமல். அறை சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, நம்மைப் போன்றவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சிரிப்புதான். எனக்கு முன்வரிசையில், என்னோடு ஆய்வு செய்யும் லோகநாயகி இருந்தாள். மூன்றாம் இயலில் நான் முந்திரி உடைக்கும் பெண்களைப் பற்றி எழுதுவது அவளுக்குத் தெரியும். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார்.

அப்புறம் வலது பக்கத்தை வாசித்தார். தலை வாராத அம்மாக்கள். அறை அமைதியாகிவிட்டது. வாசித்து முடித்து, கீழே அச்சிட்டிருந்ததையும் வாசித்தார். இடது பக்கத்தின் கீழே, "முதல் தலைமுறை மாணவரின் வரைவு." வலது பக்கத்தின் கீழே, "எழுத்துக்கூட உதவியாளரால் செம்மையாக்கப்பட்டது."

உதவியாளர் நீ ஒருத்திதான்.

காட்டாதே என்றேன். காட்டினாய். அதைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. ஆனால் நான் எழுதியது உன்னுடையதாகவும், எனக்கென்று பிழை மட்டுமாகவும் ஆனது எப்படி?

பிரிசில்லா

*

சிதம்பரம்
22.3.2009

அன்புள்ள பிரிசி,

உன் பெயர் எங்கேயும் இல்லை. ஊர் பெயரும் இல்லை. துறையின் பெயரைக்கூட எடுத்துவிட்டேன். லோகநாயகி கண்டுபிடிப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். குழு வருவதற்கு முன்னால் கையேடு அச்சாகிவிட வேண்டும் என்று சார் பறந்தார். மாதிரிகள் கேட்டார். நான் ஏழெட்டு எடுத்துக் கொடுத்தேன், எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசமே தெரியல" என்றார். திருப்பி அனுப்பும் முன் கூடத்துக் கோப்புக்காக எடுத்து வைத்த உன் இரண்டு வரைவின் நகலும் என் மேசையில் இருந்தன. பெயரை மறைத்துத்தான் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். கீழே இருக்கும் வரிகள் சார் போட்டவை. அச்சுக்குப் போகும் முன் நான் மெய்ப்புப் பார்த்தேன். பார்த்தேன்தான். "சார், இதை மாணவியே எழுதினாங்க" என்று சொன்னேன். "மாணவியே எழுதினா நமக்கு இங்க என்ன வேலைன்னு கேப்பாங்க" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

டெல்லிக்காரர்கள் அந்தப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார்கள். கூடம் ஐந்து வருடம் தொடரும். உன்னால்தான் பிழைத்தோம், பிரிசி. உன்னைப் போல எத்தனையோ பேர் இனி இங்கே வருவார்கள். அதையும் கொஞ்சம் யோசித்துப் பார்.

மறுபதிப்பு வரும்போது மாற்றிவிடலாம். அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை.

கார்த்தி

*

செம்மங்குப்பம்
10.8.2009

கார்த்யாயினி,

உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். இப்போது வேறு வழி இல்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முன்வரைவு கொடுத்திருந்தேன். ஆய்வுக் குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. மூன்றாம் இயலின் மையப் பகுதி ஏற்கெனவே அச்சில் வந்திருக்கிறது என்கிறார்கள். அச்சில் இருப்பதன்படி அதை எழுதியவர் எழுத்துக்கூடத்தின் உதவியாளர். ஆகவே அடுத்தவர் எழுத்தை என்னுடையதாகக் காட்டியிருக்கிறேன் என்று கடிதம் வந்திருக்கிறது. மூன்று முறை படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. என் எழுத்தை நானே திருடியிருக்கிறேனாம்.

மணவாளன் சாரைப் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. "உன் மொத வரைவ நான்தான படிச்சேன். ரெண்டு மாசத்துல யாருக்கும் இப்டி எழுத்து வராதும்மா. ஒத்துக்கிட்டு அந்தப் பகுதிய எடுத்துடு, நான் பேசிக்கிறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

செப்டம்பர் இரண்டாம் தேதி குழு கூடுகிறது. நீ வர வேண்டும். கையேட்டைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், ஞானசேகரன் சாரைப் பற்றியும் சொல்ல வேண்டாம். அந்தப் பத்தியை நான்தான் எழுதினேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நீ கால்புள்ளியைத் தவிர எதையும் தொடவில்லை என்று உன் வாயால் வர வேண்டும். அது உண்மைதானே?

பிரிசில்லா

*

சிதம்பரம்
14.8.2009

பிரிசி,

வருகிறேன். நீ கவலைப்படாதே. உண்மையைச் சொல்ல என்ன தயக்கம்?

கார்த்தி

*

கடலூர்
5.9.2009

கார்த்யாயினி,

நேற்றும் நேற்று முன்தினமும் எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். ஓரத்தில் ஞானசேகரன் சார். நான் கொட்டகைக்குப் போனது, அந்தப் பெண் குழந்தை வந்தது, என் அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். என் அம்மாவைப் பற்றி எனக்கு யார் எழுதித் தர முடியும் என்று கேட்டேன். தலைவர், "விஷயம் உன்னோடதுதாம்மா, நாங்க எழுத்தப் பத்திக் கேக்கறோம்" என்றார். பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். உனக்கு நாற்காலி போட்டார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இதை எழுதியது யார்?" என்று தலைவர் கேட்டார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. ஞானசேகரன் சாரையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "கூடத்தில் நாங்கள் வழிகாட்டுதல் தருகிறோம் சார். அது ஒரு கூட்டு முயற்சி. இது அவங்க எழுதினது, இது எங்க பங்குன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்" என்றாய்.

"மாணவியே முழுசா எழுதினாங்கன்னு சொல்ல முடியுமா?"

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது சார்."

இவ்வளவுதான் நீ பேசியது. பொய் சொல்கிற குரலே இல்லை. மாணவர்களுக்குப் பொறுமையாக விளக்குவாயே, அந்தக் குரல்.

மூன்றாம் இயலை முழுதாக நீக்கிவிட்டு, ஒரு வருடம் கழித்து ஆய்வேட்டைத் திரும்பச் சமர்ப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பு. என் வயதையும் குடும்பத்தையும் மனத்தில் வைத்து இரக்கத்தோடு முடிவு செய்ததாகச் சொன்னார்கள். நன்றி சொல்லச் சொல்லி மணவாளன் சார் கண்ணைக் காட்டினார். சொன்னேன்.

வெளியே வராந்தாவில் நீ என் தோளில் கைவைத்து, "வீட்டுக்கு வா, சாப்டுட்டுப் போ. அம்மா காத்துண்டிருக்கா" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பஸ்ஸில் புவனகிரி தாண்டிய பிறகுதான், உன் கையைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன் என்பது உறைத்தது.

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் தெரியாமல் சொன்னார்கள் என்று விட்டிருப்பேன். அந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று என்னைத் தவிர உலகத்தில் தெரிந்தது உனக்கு ஒருத்திக்குத்தான். அது தெரிந்ததால்தான் உன்னை வரச் சொன்னேன்.

இனி எழுத மாட்டேன்.

பிரிசில்லா

*

சிதம்பரம்
20.6.2010

அன்புள்ள பிரிசி,

நீ படிக்காமல் கிழித்துப் போடலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. ஏப்ரலில் உத்தரவு வந்தது. ஆய்வுக் குழு கூடிய அன்று காலையில் ஞானசேகரன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, என் பெயரைப் பரிந்துரைத்து எழுதியிருப்பதாகச் சொன்னார். "கூடமே பொய்யான கையேடு போட்டதுன்னு ஆச்சுன்னா, உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல, வரப்போற புள்ளைங்களுக்கும் இல்ல" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. அப்பா ஓய்வு பெற்று, வீட்டில் என் சம்பளம் மட்டும் என்று இருந்த சமயம் அது. இதெல்லாம் காரணம் ஆகாது என்று நீ சொல்வாய்.

ஆனால் நான் அங்கே பொய் சொல்லவில்லை, பிரிசி. மகளா, ஆய்வாளரா என்று உன்னைக் கேட்டது நான்தானே? அந்தக் கேள்வி இல்லாமல் நீ கொட்டகைக்குப் போயிருப்பாயா? எங்கே உன் எழுத்து முடிகிறது, எங்கே என் கேள்வி தொடங்குகிறது என்று உண்மையிலேயே பிரிக்க முடியுமா? இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். சில நாள் எனக்கு நானே சரி என்று படுகிறது.

அகலப் பாதை வேலை முடிந்து ரயில் திரும்ப விட்டுவிட்டார்கள். கடலூரிலிருந்து இங்கே வர இனி பஸ்ஸில் இடிபட வேண்டியதில்லை. நீ வருவாய் என்பதற்காக இதை எழுதவில்லை. எழுத வந்தது, எழுதிவிட்டேன்.

கார்த்தி

*

சிதம்பரம்
6.2.2012

அன்புள்ள பிரிசில்லா,

உனக்குப் பட்டம் கிடைத்ததைப் போன வருடமே லோகநாயகி சொன்னாள். கம்மாபுரம் பக்கம் உனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்திருப்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். முனைவர் பிரிசில்லா என்று உறையின் மேல் எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

ஞானசேகரன் சார் டிசம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. மூன்று உதவியாளர்கள் இருக்கிறார்கள். கையேட்டின் இரண்டாம் பதிப்பு ஜூனில் வருகிறது. அந்தப் பக்கத்தைத் திருத்தி, வலது பக்கத்துப் பத்தியை எழுதியவர் முனைவர் பிரிசில்லா என்று உன் பெயரோடு போட விரும்புகிறேன். வெளியீட்டு விழாவில் நீ வந்து மாணவர்களிடம் பேச வேண்டும். கூடத்துக்கு வந்துபோனவர்கள் எல்லாரும் இன்றும் சொல்வது உன் பத்தியைத்தான். உன் சம்மதம் இல்லாமல் போட மாட்டேன். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன்.

பதில் வராவிட்டால் நேரில் வருகிறேன்.

கார்த்தி

*

செம்மங்குப்பம்
1.4.2012

கார்த்யாயினி,

நீ போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் உள்ளேதான் இருந்தேன். நான் கம்மாபுரத்தில் இருப்பதாக அம்மா சொன்னது நான் சொல்லச் சொன்னது அல்ல. அதுவாகச் சொன்னது. மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து இந்த வயதில் எனக்காகப் பொய் சொல்லியது.

நீ கேட்டதற்குப் பதில். என் பெயரைப் போடாதே. அந்தப் பத்தியையும் போடாதே. இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடு. விழாவுக்கு வர மாட்டேன்.

எனக்குப் பட்டம் கிடைத்த கதையை நீ லோகநாயகியிடம் கேட்டிருக்கிறாய், மீதியையும் கேட்டுக்கொள். மூன்றாம் இயலை எடுத்த பிறகு, அந்த இடத்தில் முந்திரி ஏற்றுமதி விலையைப் பற்றி மணவாளன் சார் எழுதச் சொன்னார். எழுதினேன். புள்ளிவிவரம் முழுக்க. யாரும் யாருடையது என்று கேட்கவில்லை. வாய்மொழித் தேர்வில் கைதட்டினார்கள். நூலகத்தில் இருக்கிறது, போய்ப் பார். கடலூர் மாவட்ட முந்திரித் தொழிலைப் பற்றிய ஆய்வேடு. தோப்பு இருக்கிறது, வியாபாரி இருக்கிறார், கப்பல் இருக்கிறது. உடைக்கிற பெண் ஒருத்திகூட இல்லை. என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று நீ எழுதி அனுப்பியிருக்கிறாயே, அது இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது.

கேள்வி கேட்டது நீ, அதனால் பிரிக்க முடியாது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. பல தடவை படித்தேன். உன்னை நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. பள்ளியில் இப்போது நானும் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படிக்கிறேன், ஓரத்தில் கேள்வி எழுதுகிறேன். போன மாதம் பழனிவேல் என்று ஒரு பையன், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம், என் கேள்விக்கு அப்புறம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். நான் அசந்துபோனேன். அப்போது என் மனதுக்குள் ஒரு நொடிகூட, இதில் என் பங்கு எவ்வளவு என்று வரவில்லை. பிரிக்க முடியும், கார்த்யாயினி. ரொம்ப சுலபமாகப் பிரிக்க முடியும். அன்றைக்கு உன்னாலும் முடிந்தது.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது உண்மை இல்லை. அதனால் எழுதவில்லை.

நீ வாசலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த டீயைக் குடித்தாய். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதாய். அம்மா உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெயில் தாழப் போம்மா என்றது. நீ போன பிறகு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே வந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டது. பிறகு, "பாவம், ரொம்ப அழுதிச்சி. எதுக்கு அழுவுறேன்னு மட்டும் கடைசி வரைக்கும் வாயத் தொறந்து சொல்லல" என்றது.

அன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஐந்து பேரில் ஒருவர் இறந்துவிட்டார். நான்கு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் இன்னும் உன் கல்லூரியிலேயே பாடம் எடுக்கிறார்கள். மணவாளன் சார் தினமும் உன் கூடத்தைத் தாண்டித்தான் போகிறார். அன்று கேட்ட கேள்விக்கு அவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. இரண்டாம் பதிப்பை அவர்கள் யாரும் வாங்கிப் படிக்கப்போவதில்லை.

எனக்கு எழுதாதே. எனக்குத் தெரிந்ததைத்தான் நீ இத்தனை வருடமாக எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய். அவர்களுக்கு எழுது.

பிரிசில்லா